குளத்தின் அடியில் ஒரு பாயளவு

பாப்பாவுக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அண்ணிக்கு அவள் பாப்பாதான். கல்யாணமாகி வந்த அன்று பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்ற நாத்தனாரை எப்படிக் கூப்பிட்டாளோ, அப்படித்தான் இன்றைக்கும் தெருவே கேட்கக் கூப்பிடுகிறாள். அந்த அண்ணியின் பேச்சை நம்பித்தான் பாப்பா பேக்கிங் செக்‌ஷன் வேலையை விட்டாள். நாள் முழுக்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. பிடிக்காத வேலைதான், ஆனால் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அண்ணி வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்கிற வேலைக்காரி. அவள் கழுவாத பாத்ரூம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒருநாள் துடைப்பத்தை வைத்துவிட்டு, "வீடு வீடாப் பெருக்கினது போதும் பாப்பா. இனிமே ஆபீஸ், ஆஸ்பத்திரின்னு பெரிய இடமாப் பிடிப்போம். வீட்டுக்காரி காலைல ஒரு மனசா இருப்பா, சாயங்காலம் ஒரு மனசா இருப்பா. கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டுத் தருவான்," என்றாள்.

பெரிய இடங்கள் லேசில் பிடிபடுமா? இருவரும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு படி ஏறினார்கள், இறங்கினார்கள். பல் டாக்டர் வாயைத் திறக்கவே இல்லை. வக்கீல் ஆபீசில் "மெயில் போடுங்க" என்றார்கள். ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் அண்ணி பேசிக்கொண்டே கண்ணாடித் தடுப்பில் இருந்த விரல் ரேகையை ஊதி ஊதிச் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். கை சும்மா இருந்தால்தானே! வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பத்தான் நானே துடைச்சேன்," என்றாள். அதோடு அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். "திங்கட்கிழமை உன் இடத்துக்கு வேற ஆள் போடறேன். வரதா இருந்தா அதுக்குள்ள சொல்லு." பாப்பா அன்று ராத்திரியே அண்ணியிடம் சொன்னாள். "அதுக்குள்ள ஒரு இடமாவது கிடைக்கலேன்னா நான் போயிடறேன் அண்ணி. கோவிச்சுக்காத." அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் பாப்பாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, போகிற வழியில் ஒரு நீச்சல் குளம். கூரை போட்ட பெரிய கட்டடம். விரிசலை அடைப்பதற்காகத் தண்ணீரை வடித்திருந்தார்கள். மேனேஜருக்குக் காதில் ஒரு போன், கையில் ஒரு போன்.

"எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இருபது பேர்," என்றாள் அண்ணி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"சரி, எங்கயாவது கொஞ்சம் செஞ்சு காட்டுங்க. பிடிச்சா பேசலாம்," என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு போன்களோடும் வெளியே போய்விட்டார்.

அண்ணிக்கு வேலை என்றால் ஒரே முறைதான். உள்ளே கடைசியில் தொடங்கி வாசலுக்கு வரவேண்டும். எந்த வீடானாலும் அப்படித்தான். பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த பிரஷ், வாளி, மருந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு குளத்துக்குள் இறங்கி நடந்தாள். பாப்பாவும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

முதலில் சாதாரணத் தரை மாதிரிதான் இருந்தது. நடக்க நடக்கத் தரை சரிந்தது. சுவர்கள் இடுப்புக்கு வந்தன, தோளுக்கு வந்தன, பிறகு தலைக்கு மேலே போயின. குதிக்கும் பலகை எங்கேயோ உச்சியில் தொங்கியது. பாப்பா நின்றுவிட்டாள். நீச்சல் தெரியாதவள் அவள். ஆளை முழுங்குகிற ஆழத்தின் அடியில் காய்ந்த பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தாள். அண்ணி ஒரு இருமல் இருமினால் அது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் மனுஷர் இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"வாயைப் பொளந்தது போதும், தண்ணி ஊத்து," என்றாள் அண்ணி.

தரை முழுக்கச் சாம்பல் நிறம். அழுக்கென்று சொல்ல முடியாது, அதுதான் அதன் நிறம் என்று யாரும் நினைப்பார்கள். அண்ணி மருந்தை ஊற்றி, மண்டி போட்டு, தேய்த்தாள். பாப்பாவும் தேய்த்தாள். ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் வழிந்து போனதும் பாப்பா விரலால் தடவிப் பார்த்தாள். சாம்பலுக்கு அடியில் வெளிர்நீலம் இருந்தது. விடியும்போது வானம் இருக்குமே, அந்த நீலம்.

"இது நீலமா?" என்று மேலேயிருந்து ஒரு குரல். மேனேஜர் கரையில் நின்றார். "நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து இது சாம்பல்தானே!"

அண்ணிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் ஒரே நிமிஷம்தான். மேனேஜர் இரண்டு போன்களையும் பாக்கெட்டில் போட்டார்.

"என்னம்மா காரியம் பண்ணியிருக்கீங்க? ஒரு ஓரத்துல பண்ணக் கூடாதா? நட்ட நடுவுல, அதுவும் ஆழத்துல! தண்ணி விட்டா அடியில யாரோ படுத்திருக்கற மாதிரி தெரியும். முங்கறவங்களைக் காப்பாத்தற லைஃப்கார்டு நாள் பூரா குதிச்சுக்கிட்டே இருப்பான்!"

பாப்பா அந்த நீலத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம், ஆள் நீளம்தான் இருந்தது.

"திங்கட்கிழமை ஸ்கூல் பிள்ளைங்க வராங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தண்ணி திறக்கணும். அதுக்குள்ள முழுக் குளத்தையும் இதே மாதிரி ஆக்குங்க. சுவரோட சேர்த்து. இருபது பேர் இருக்காங்கன்னீங்களே, கூட்டிட்டு வாங்க. முடிச்சா இங்க தினமும் சுத்தம் பண்ற வேலையும் உங்களுக்குத்தான். முடிக்கலேன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

வெளியே வந்ததும் அண்ணி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். "இருபது பேருக்கு நான் எங்கடி போவேன்? வாய்தான் இருக்கு எனக்கு."

பாப்பா ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் பேக்கிங் செக்‌ஷன் கேட்டுக்குப் போனாள். சூப்பர்வைசர்தான் முதலில் பார்த்தார். "பார்த்தியா, வந்துட்டே! எனக்குத் தெரியும். உள்ள வா."

"வேலைக்கு வரல சார்," என்றாள் பாப்பா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஆள் எடுக்க வந்திருக்கேன்."

கேட்டில் நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்தார்கள். ஞாயிறு லீவு. கூலி எவ்வளவு, சாப்பாடு உண்டா, துணி பாழாகுமா என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். பாப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவ்வளவு பதில் தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

சனிக்கிழமை அண்ணியும் பாப்பாவுமே ஆழத்தின் சுவர்களோடு மல்லுக்கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பெண்கள் வந்தார்கள். இருபது பேர் இல்லை, ஆனால் ஆளுக்கு நாலு கை இருந்த மாதிரி வேலை நடந்தது. டேப் ஒட்டி ஒட்டிப் பழகிய கைகள் வரிசை தவறாமல் தேய்த்துக்கொண்டே போயின. அவர்கள் போட்ட சத்தமும் சிரிப்பும் கூரையில் மோதித் திரும்பி வந்து இன்னும் நூறு பேர் இருப்பது போலக் கேட்டது. சாம்பல் பின்வாங்கிக்கொண்டே போனது. பாப்பா நடுநடுவே நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவையும் நாமா செய்கிறோம் என்று நம்பமுடியாமல் மறுபடி குனிந்தாள்.

சாயங்காலம் தண்ணீர் திறந்தார்கள். மறுநாள் காலை இருவரும் போய்ப் பார்த்தபோது குளம் நிறைந்திருந்தது. கட்டடமே வேறாகிவிட்டது. கூரையிலும் சுவர்களிலும் நீல வெளிச்சம் ஆடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர்கள், கரையில் வந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள். பாப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் வந்தார். கையில் போன் இல்லை, சாவிக்கொத்து இருந்தது. "நாங்க திறக்கறதுக்கு முன்னாடி தினமும் முடிச்சுடணும். அதனால காலைல நீங்களேதான் திறந்துக்கணும்," என்று சொல்லிப் பாப்பாவிடம் கொடுத்தார்.

அவர் போன பிறகு அண்ணி கையை நீட்டினாள். சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இத்தனை வருஷமா எத்தனை வீட்டுல பெல் அடிச்சுட்டு வெளிய நின்னிருப்பேன் பாப்பா," என்றாள். "ஒருத்தர்கூட என்கிட்ட சாவி குடுத்ததில்ல."

பாப்பா கொத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணியின் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். பிறகு சூப்பர்வைசருக்குப் போன் செய்து, "என் இடத்துக்கு வேற ஆள் போட்டுக்குங்க சார்," என்றாள்.