துண்டில் எழுதிய வயது

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருக்கிறவனுக்கு நோயாளி என்றால் ஒரு குழாய், அதில் பெயரும் வயதும் எழுதிச் சுற்றிய ஒரு துண்டு, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் குந்தியிருந்து கண் கெட்ட சகோதரர்களே, உங்களுக்கு இது தெரியும். வன்னியில் நான் இருந்த காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்க நான் ஒருவன்தான். தவறு விட்டாலும் நான் ஒருவன்தான்.

சண்டை பிடிக்காத இரத்தம்

இரத்தப் பிரிவை இரண்டு விதமாகப் பார்ப்போம். முதலில் சிவப்பு அணுக்களைச் சோதிப்போம். பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, அதில் வேறு பிரிவு அணுக்களை விடுவோம். ஏ பிரிவுக்காரரின் நீரில் பி அணுவை விட்டால் கட்டிகட்டியாய்த் திரளும். பிறத்தியானைக் கண்டால் அடிக்கிற எதிர்ப்பொருள் அதில் இருக்கிறது. இரண்டு சோதனையும் ஒத்துவராமல் கையெழுத்து வைக்கக் கூடாது. நல்லாய் வயது போனவர்களுக்கு மட்டும் அந்த எதிர்ப்பொருள் வற்றிவிடும் என்று படித்திருந்தேன்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மதலேனம்மாவின் நீரில்தான் அதை முதலில் கண்டேன். அரை மணித்தியாலம் பார்த்தும் ஒரு அசுமாத்தமும் இல்லை, ஒரு கட்டிகூடத் திரளவில்லை. கட்டிலடிக்குப் போய், "அம்மா, உங்கட இரத்தம் சண்டை பிடிக்குதில்லை. என்ன வயசு?" என்று கேட்டேன். அவா பொக்கை வாயால் சிரித்தா.

"எண்பத்திரண்டு வயசில நான் இனி ஆரோட தம்பி சண்டை பிடிக்கிறது?"

ஐம்பத்தைந்து

கந்தையா முள்ளியவளையில் வயல் செய்த கமக்காரர். வாயால் இரத்தமாய்ச் சத்தி எடுத்தபடி காலையில் கொண்டுவந்தார்கள். மகன் செல்லத்துரை என் மேசைக்குப் பக்கத்தில் படுத்து ஒரு போத்தல் இரத்தம் தந்தார். மகன் ஏ பிரிவு. தகப்பனின் அணுவும் ஏ என்றது. ஆனால் தகப்பனின் நீர் பி அணுவைக் கண்டு பேசாமல் இருந்தது.

துண்டைப் பார்த்தேன். வயது ஐம்பத்தைந்து. அட கடவுளே, ஐம்பத்தைந்தில் வற்றாதே! குழாய் மாறிவிட்டது என்று திரும்ப இரத்தம் எடுப்பித்தேன். அதே கதை. வைத்திருந்த பி அணு பழுதோ என்று, நான் பி என்றபடியால், என் விரலைக் குத்தி என் அணுவை விட்டுப் பார்த்தேன். ம்ஹூம். இரத்தம் ஏற்றலாமோ என்று கேட்டு டாக்குத்தர் மூன்றாம் முறையாக வாசலில் வந்து நின்றார்.

"ஓமெண்டு சொல்லும், இல்லையெண்டு சொல்லும், அந்த மனுசன் என்ர கண்ணுக்கு முன்னால முடியுது!"

மகன் சொன்னது

நான் ஒன்றும் சொல்ல முதலே கந்தையா போய்விட்டார். மகன் தந்த போத்தல் அப்படியே கிடந்தது. செல்லத்துரை ஊசி குத்திய கையைப் பிடித்தபடி வந்து நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. "அப்புவுக்கு உண்மையா என்ன வயசு?" என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"எழுபத்தெட்டு, ஐயா. கிழவன்தானே, கிடக்கட்டுமெண்டு விட்டிடுவியளோ எண்டு பயந்து குறைச்சுச் சொன்னனான்."

அவரை ஏச வாயெடுத்தபோது மேசையில் இரத்தம் தந்தவர்களின் பதிவுக் கொப்பி விரிந்து கிடந்தது. செல்லத்துரை, வயது நாற்பத்தெட்டு, என் கையெழுத்து.

ஏழு வயதில் பிள்ளை பெற்ற தகப்பனை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிக்கொண்டு, இரண்டு தரம் உண்மை சொன்ன குழாயை நம்பாமல் விட்ட மகா கெட்டிக்காரன் நான்.