கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவன்

போன வருஷம் ஆடி மாதம், வடமதுரையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பும் பஸ்ஸில் நடந்தது இது. வயிற்றில் கிடா விருந்து, மடியில் துப்பறியும் நாவல். அதற்குமேல் ஒரு சொர்க்கம் எனக்குத் தேவையில்லை.

நான் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ரகம். கதையில் கொலை விழுந்ததும் விரல் தானாகப் புத்தகத்தின் பின்பக்கம் போய்விடும். யார் கொன்றது, நாயகி பிழைத்தாளா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் நிம்மதியாகப் பயப்படுவேன். எதற்கு இந்தக் கதைகளைப் படிக்கிறாய் என்று கேட்டால் 'அறிவு வளர்ச்சிக்கு' என்பேன். ஐம்பது தாண்டியும் வளர்ச்சி எதுவும் தென்படாததால் யாரும் நம்புவதில்லை.

அன்றும் நாலாம் பக்கத்திலேயே பிணம் விழுந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். எழுத்தின் மேல் ஓரத்திலிருந்து ஒரு கருப்பு இறங்கியது.

சன்னலோரம், மல்லிகைப்பூ மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஷட்டரக் கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே, படிக்கணும்" என்றேன்.

"ஷட்டரு ஏறித்தேன் இருக்கு. காத்து மூஞ்சில அடிக்கிறது தெரியலையா?"

அடித்தது. தலையைத் திருப்பினேன். கருப்பும் என்னோடு திரும்பியது.

சில நாட்களாகவே கண்ணுக்குள் கொசு பறந்துகொண்டிருந்தது. நிஜக் கொசு என்று நினைத்து, வீடு முழுக்கக் கை தட்டிக்கொண்டு அலைந்தேன். மனைவி கொசுவர்த்தி வாங்கி வைத்தாள். என் வலது கண் பிறவியிலேயே சோம்பேறி. வருவது பஸ்ஸா லாரியா என்பதோடு அதன் ஞானம் முடிந்துவிடும். படித்ததெல்லாம் இடது கண். இப்போது வலதை மூடிப் பார்த்தேன். பாதி பஸ்ஸைக் காணோம்.

"எனக்குக் கண்ணு தெரியலண்ணே" என்றேன். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

திண்டுக்கல் வந்ததும் அவர் மூட்டையைக் கண்டக்டரிடம் விட்டார். "பூக் கெடக்கட்டும். கையப் பிடிங்க" என்று ஆட்டோவில் ஏற்றி, கண் டாக்டர் வாசல்வரை வந்தார். அவர் முகம் எனக்கு நினைவில் இல்லை. அந்தக் கையின் மல்லிகை வாசம் மட்டும் நினைவிருக்கிறது.

விழித்திரை பிரிந்துவிட்டது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழி வைத்து, அது கரையும்வரை குப்புறவே கிடக்கச் சொன்னார்கள்.

"மறுபடி படிக்க முடியுமா டாக்டர்?"

"பார்ப்போம்."

ஒரு கண் டாக்டர் வாயிலிருந்து வரக்கூடிய மிகக் கொடூரமான சொல் அது. கடைசிப் பக்கம் அவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தேன். தலையணையில் மூச்சு முட்டும். விழித்தாலும் மூடினாலும் ஒரே கலங்கல். இனி பலசரக்குப் பொட்டலம் சுற்றி வரும் காகிதத்தைக்கூடப் படிக்க முடியாதோ என்று திரும்பத் திரும்ப நினைப்பேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கதை என்றாலே பொய் என்பது அவள் கட்சி. அவளே ஒருநாள் அந்த நாவலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். படித்தாள் என்று சொல்ல முடியாது, டிக்டேஷன் கொடுத்தாள். "கத்தியுடன் அவன் சன்னல் வழியே இறங்கினான், கமா" என்று அவள் சொன்னபோது கொலைகாரனே கூச்சப்பட்டிருப்பான்.

"கடைசிப் பக்கத்த மட்டும் மொதல்ல படிச்சிரேன்" என்றேன்.

"முடியாது. டாக்டரையும் இப்பிடித்தேன் நச்சரிச்சீங்க. வரிசையாத்தேன் வரும், பேசாமக் கெடங்க."

நாள் போகப் போக கமா நின்றது. குரல் தாழ்ந்தது. நாயகி இருட்டு வீட்டுக்குள் தனியாக நுழையும் இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள்.

"என்னாச்சு?"

"எனக்கும் பயமாத்தேன் இருக்கு. ஒங்க கண்ண நெனச்சா ஒறக்கமே வரல. இதப் படிக்கையில மட்டும் அந்தப் பொண்ணுக்கு என்னாகுமோன்னு இருக்கு. நம்ம பயம் செத்த நேரம் மறந்துருது."

எதற்குப் படிக்கிறாய் என்ற கேள்விக்கு, இத்தனை வருஷம் படித்த எனக்குத் தெரியாத பதில் அது. தலையணைக்குள்ளேயே தலையை ஆட்டினேன்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் படிக்கவில்லை. "நீங்க படிங்க" என்று மூடி வைத்துவிட்டாள். கண் பிழைக்கும் என்ற நம்பிக்கையா, எனக்கு வைத்த பரீட்சையா, கேட்கவில்லை.

குமிழி கரையக் கரைய, சாப்பிட எழுந்து உட்காரும்போதெல்லாம் பார்வையில் ஒரு நீர்க்கோடு மேலிருந்து கீழே இறங்கியது. கோட்டுக்கு மேலே முதலில் மின்விசிறி வந்தது. அப்புறம் அவள் முகம். கோடு மறைந்த அன்று புத்தகத்தை நீட்டினாள். வரிகள் கொஞ்சம் வளைந்திருந்தன. எழுத்து எழுத்தாகக் கூட்டி, அவளுக்கு உரக்கப் படித்தேன். நாயகி பிழைத்தாள். கணக்கு டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வரிகள் இன்னும் வளைந்துதான் இருக்கின்றன. தினமும் காலையில் வலது கண்ணை மூடி காலண்டரைப் பார்க்கிறேன். தேதி தெரியும்வரை மூச்சு விடுவதில்லை. அப்புறம் ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பின்பக்கம் போகத் துடிக்கிற விரலை, இன்றைக்கு இந்தப் பக்கம் தெரிகிறதே என்று சொல்லித்தான் அடக்கி வைக்கிறேன்.