அடுத்தவர் நம்பர்

கல்முனையில் நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் அசர் தொழுகை முடிந்த கையோடு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கடை நிறைய அத்தர் வாசம். அறுகம்பேயில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் காசாளராம். கதைக்கும்போதெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் அவருடைய வங்கி அட்டை இருந்தது.

அவருடைய போனில் திரை உடைந்திருந்தது. புதிது போட்டு, திரை சரியா என்று பார்க்கப் படங்களைத் திறந்தேன். முழுக்க வெள்ளைக்காரர்களின் கிரெடிட் கார்டுப் படங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்.

“பாத்திட்டீங்களா தம்பி?” அவர் குரல் இறங்கியது.

“ஓம் காக்கா,” என்றேன், அண்ணன் முறை வைத்து.

இன்னொரு போனை எடுத்து மேசையில் வைத்தார். “படத்தையெல்லாம் இதுக்கு மாத்தித் தாங்க. கேக்கிறதத் தாறன்.”

“ஏலாது. மாத்தித் தந்தா பொலிஸ் என்னையும் பிடிச்சி மறியல்லதான் போடும்.”

“நான் ஒரு சதமும் களவெடுக்கல்ல தம்பி. ஒராளுக்கு அனுப்புற மட்டுந்தான்.”

“அனுப்புறதே குத்தம் காக்கா. சட்டத்தில இரிக்கு.”

வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டென்று இரண்டு போன்களையும் எடுத்துப் பையில் போட்டார்.

திரைக்குரிய காசைக் கட்டத் தன் அட்டையை நீட்டினார். மெசினில் இரகசிய இலக்கம் கேட்டது. மற்றக் கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“கொஞ்சம் அங்கால திரும்புங்க தம்பி. அடுத்தாக்கள்ற நம்பரப் பாக்கப்படாது.”

அவர் முகத்தில் பகிடிச் சிரிப்பு துளியும் இல்லை.