கோழி கொத்திய காங்கேசன்துறை

பாடசாலைக் கண்காட்சிக்காகக் காங்கேசன்துறைக் கடற்கரை வீதியைச் சின்னதாகச் செய்தேன். சவ்வரிசிக் கஞ்சியில் நீலம் கலந்து காயவைத்தது கடல். சாம்பல் பூசி ஒட்டிய உளுத்தம்பருப்பு, கல் பாவிய வீதி. காலையில் முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுத் தலை பின்னி வருவதற்குள், கோழி வீதியைக் கொத்திக் குழியாக்கிவிட்டது. கடலை மட்டும் தொடவில்லை. திருத்த நேரமில்லை, அழுகையை அடக்கிக்கொண்டு அப்படியே கொண்டுபோய் வைத்தேன்.

சண்டையில் அந்த ஊரைவிட்டு வந்திருந்த ஓர் அம்மா நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிழை பிடிக்கப்போகிறார் என்று பயந்தேன்.

“நான் விட்டிட்டு வரேக்கை எங்கடை றோட்டு இப்பிடித்தான் கிடந்தது. ஷெல் விழுந்த இடமெல்லாம் ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது?” என்றவர், மெல்லக் கேட்டார்: “கடலுக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே?”

“ஓம் அம்மா, கடல் அப்பிடியே இருக்கு.”

அவர் சிரித்தார். எனக்கும் மூச்சு வந்தது.

கோழிதான் கொத்தியது என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.