பஞ்சு இருமல் என்று நான் எழுதிய கார்டு

1. கார்டு

பழனிசாமி வேலைக்குத் தகுதியில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டவர் டாக்டர். வாரம் ஒருநாள் மில்லுக்கு வந்து போகிறவர். பழனிசாமியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த நேரத்தைவிட டிஸ்பென்சரி கார்டைப் புரட்டிய நேரம்தான் அதிகம். அந்தக் கார்டை மூன்று வருடமாக எழுதி வந்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில் ஒன்றில் நர்ஸாக இருந்தேன். ஆள் குறைக்க மேனேஜ்மென்ட் சாக்குத் தேடிக்கொண்டிருந்த காலம். பழனிசாமிக்கு வேலை ப்ளோ ரூமில். பேல் என்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்து மிஷினில் போடுகிற இடம். தூசிக்குக் குறைவே இல்லை. அங்கிருந்து யார் இருமிக்கொண்டு வந்தாலும் 'பஞ்சு இருமல்' என்று எழுதி, மூச்சு மாத்திரையும் சிரப்பும் கொடுப்போம். வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டிய பஞ்சு இறங்கும் என்பது மில்லில் எல்லோருடைய நம்பிக்கை. நானும் ஒரு கட்டி சேர்த்துக் கொடுப்பேன். பழனிசாமிக்கு முப்பது தடவையாவது இப்படிக் கொடுத்திருப்பேன். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

2. சரஸ்வதி கேட்டது

தாள் கைக்கு வந்த மறுநாள் அவர் மனைவி சரஸ்வதி டிஸ்பென்சரிக்கு வந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், போன மாசம் பூரா லீவுல ஊட்டுலதான இருந்தாருங்க? அப்பவும் இருமித் தீத்தாரு. எங்கூட்டுல ஏதுங்க பஞ்சு?"

எனக்குச் சுருக்கென்றது. பஞ்சு இருமல் லீவில் தணியும், வேலைக்குத் திரும்பும் நாளில் ஏறும். நர்ஸ் படிப்பில் படித்ததுதான்.

"எப்பங்க அதிகமா இருமுவாரு?"

"படுத்தாத்தானுங்க. ரெண்டாம் ஷிப்ட் முடிஞ்சு வந்து வயிறு முட்டச் சோறும் புளிக்கொழம்பும் தின்னுபோட்டு அப்படியே சாஞ்சுக்குவாரு. கொஞ்ச நேரத்துல புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறுதுன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவாருங்க. காலைல தொண்டை கரகரன்னு இருக்கும்."

"நெஞ்சு எரியுதுன்னு சொல்லுவாருங்களா?"

"சொல்லுவாருங்க. அதுக்குத்தான் சோடா வாங்கிக் குடிப்பாரு."

வெறும் வயிற்றில் ஆறேழு டீ, கேட் கடை மிளகாய் பஜ்ஜி என்று ஷிப்ட் நேரத்தில் அவர் சாப்பிட்டதெல்லாம் என் கண்முன்னால் நடந்ததுதான்.

பழனிசாமியைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்று அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறது, இருமலும் அதனால்தான் என்றார்கள். நான் கொடுத்த மூச்சு மாத்திரை வயிற்றின் மேல்வாயைத் தளர்த்தி அதை மோசமாக்கியிருக்கலாம் என்றும் சீட்டில் எழுதியிருந்தது. 

அங்கே கொடுத்த மாத்திரையோடு சாப்பாட்டையும் மாற்றினோம். மத்தியானமே பெரிய சாப்பாடு. சாயங்காலம் இட்லி. ராத்திரி ரசமில்லாத குழைந்த சோறு கொஞ்சம், அதுவும் தின்று இரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது. டீ இரண்டு மட்டும், பஜ்ஜியும் சோடாவும் கிடையாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பழனிசாமி எல்லாவற்றையும் கறாராகக் கடைப்பிடித்தார். மூன்று மாதத்தில் இருமல் நின்றது.

3. ஒரு வரி

ஆஸ்பத்திரிச் சீட்டோடு, வேலையைத் திரும்பக் கேட்டு மில் லேபர் ஆபீசரைப் பார்க்கப் போனார். நானும் கூட இருந்தேன்.

"சீட்டு இப்ப வந்ததுங்க. மூணு வருசக் கார்டு வேற சொல்லுது. சிஸ்டர் தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதட்டும், பாக்கலாம். அப்பறம் சிஸ்டர் வேலையப் பத்தியும் பேசோணும்" என்றார் ஆபீசர்.

பழனிசாமி என்னைப் பார்த்தார். என் இரண்டு பெண்களும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான்.

"டாக்டரக் கேட்டுக்கங்க" என்றேன்.

வெளியே வந்ததும் அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "செரிங்க சிஸ்டர். சாப்பாட்டு விசயம் சொன்னீங்களே, அதுவே போதுமுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். பல்லடம் பக்கம் விசைத்தறியில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இன்று இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். படுத்தால் இருமுகிறவரிடம் என்ன சாப்பிட்டார், எப்போது படுத்தார் என்று முதலில் கேளுங்கள். எழுதியது தப்பென்று தெரிந்தால் அடித்துவிட்டுச் சரியானதை எழுதித் தேதி போடுங்கள். நோய் தெரியாமல் மூன்று வருடம் தப்பாக எழுதினேன், அதைக்கூட மன்னிக்கலாம். தெரிந்த பிறகு எழுதாமல் இருந்ததற்கு எனக்கு மன்னிப்பு இல்லை.