பேப்பரில் வந்த பகிடி

வெளிநாட்டுப் பேப்பரில் என் படம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதில் நான் மீன்வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வலை வீசவும் தெரியாது, நீந்தவும் தெரியாது. செங்கலடிச் சந்தியில் டயருக்கு ஒட்டுப்போட்டுப் பிழைக்கிறவன் நான். படம் எடுக்க வந்தவர்தான் வாவிக்கரையில் கிடந்த யாருடையதோ வலையைத் தூக்கித் தந்து, சிரிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். பெரும்பாடுபட்டுச் சிரிக்காமல் நின்றேன்.

தங்கச்சியின் மகன் படகேறிப் போய் அந்த நாட்டில் தஞ்சம் கேட்டிருந்தான். இப்படிப் போகிறவர்களின் ஊரைப் பார்த்து எழுத ஒரு நிருபரும், படம் எடுக்க ஒருவரும், மொழிபெயர்க்க ஒரு பெடியனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மருமகன் ஏன் போனான் என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியும். அவன் ஒரு ஊர்வலத்தில் பதாகை பிடித்த பிறகு, சிவில் உடுப்பும் சப்பாத்துமாக இரண்டு பேர் தங்கச்சி வீட்டுக்கு மூன்று தடவை வந்தார்கள். மூன்றாம் தடவை, அவன் படுக்கிற அறை எது என்று கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வேலிக்கு வெளியே அறியாத ஆள் ஒருவர் போனைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பயம் வந்தால் பகிடிதான் வரும்.

"என்ட மனிசிட சமையலுக்குப் பயந்து ஓடிட்டான். அங்க நல்ல சாப்பாடு, நல்ல சம்பளமாமே."

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் குசினிக்குள் சட்டியை ஓங்கி வைத்தாள்.

பேப்பரில் சமையலை வெட்டிவிட்டார்கள். 'நல்ல சம்பளத்துக்காகப் போனான் என்கிறார், மீனவரான மாமா.' அவ்வளவுதான். அதைப் போனில் அனுப்பிவிட்டு மருமகன் பேசினான்.

"மாமா, என்ட கேஸ்ல இத எடுத்து வெச்சிட்டாங்க. திருப்பி அனுப்பப் பாக்கிறாங்க."

"பகிடிக்குச் சொன்னதடா மகன்."

"அத அப்பிடியே எழுதித் தாங்க. நான் ஏன் போனனெண்டும் எழுதுங்க. லோயர் கேக்கிறார்."

எழுதினேன். பகிடி விடுவது என் பழக்கம். அன்று சொன்னதும் பகிடி. நான் மீனவன் இல்லை. அதன் பிறகு அந்த இரண்டு பேர், மூன்று தடவை, அறை. உறுதிப்படுத்தச் சமாதான நீதவானிடம் கொண்டுபோனேன். முதல் பகுதிக்காவது சிரிப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்கட பேர் விலாசத்தோட போகும். தெரியும்தானே?"

"ஓம் ஐயா."

"கட சந்தியிலதானே?"

"ஓம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீல் அடித்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. அவனை அனுப்பிவிடுவார்களோ என்று தங்கச்சி தினமும் கேட்கிறாள். கடை முன்னால் மோட்டார் சைக்கிள் நின்றால் முன்பெல்லாம் சில்லைத்தான் பார்ப்பேன். இப்போது வந்தவரின் காலைப் பார்க்கிறேன், செருப்பா சப்பாத்தா என்று.

நேற்றுப் பின்னேரம் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். சப்பாத்து. பின் சில்லுக்குக் காற்றடிக்கச் சொன்னார்கள். அமத்திப் பார்த்தேன், காற்று குறையவேயில்லை. இருந்தாலும் அடித்தேன்.

"பகிடி விடுற அண்ணன் நீங்கதானே?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. ஓம் என்றேன்.