நோனாவின் நெற்றி

அக்கா மகள் ஜோர்தானிலிருந்து பேசும்போது முதலில் என் சுகத்தை விசாரிப்பதில்லை. "மாமா, நோனா இப்ப என்னா உடுத்தியிருக்கா?" என்றுதான் கேட்பாள். அம்மாவைப் பற்றிக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நோனா மனுஷியல்ல. மாத்தளைப் பிரதான வீதியில் ஒரு புடவைக்கடையின் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மை. வெள்ளைத் தோலும் கூர் மூக்கும் கொண்ட அதற்குக் கடையில் வேலை செய்த நாங்கள், சிங்களத்தில் துரைசானி என்ற அர்த்தத்தில் வைத்த பெயர் அது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டதால் அந்த இடத்தில் எப்போதும் ஒரு மடித்த புடவையைத் தொங்கவிட்டிருப்போம். நெற்றியில் குறுக்காக, ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் உரிந்திருக்கும். நான் இப்போது தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்குகிறேன். மாத்தளைக்கு வருகிற நாட்களில் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, அவள் பேசும்போது சொல்வேன். புடவையின் நிறத்தைச் சொல்வேன், கரையைச் சொல்வேன். நெற்றியைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வறுமையால்தான் என்று சொன்னால் பாதி உண்மை. எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. சீகிரியாவில் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினேன், வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு யாரோ ஒருவரின் ஆட்டோ ஓட்டினேன், கொழும்பில் கட்டடங்களுக்குக் கல் சுமந்தேன். சிங்களம் நன்றாக வந்ததால் அந்தப் புடவைக்கடையில் வேலை கிடைத்தது; அங்கே, என் கணக்கில், நீண்ட காலம் இருந்தேன். அக்கா அப்படியல்ல. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தாள், அதே லயத்திலேயே கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் காய்ச்சலில் போனபோது மகள் கைக்குழந்தை. அன்றிலிருந்து அக்காதான் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்து அவளை வளர்த்தாள். முதுகுக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி இழுத்து இழுத்து அக்காவின் நெற்றிக்கு மேலே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் முடி வளர்வதில்லை. திருநீறு பூசினால் அந்தப் பள்ளத்தில்தான் தங்கும்.

அக்கா மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே துணிப் பைத்தியம். நான் கடையிலிருந்து கொண்டுபோகும் வெட்டுத் துண்டுகளை வைத்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பாள். உயர்தரப் பரீட்சை முடித்ததும் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் தருகிற இடம். ஒரு பட்டமல்ல, இரண்டு. ஒன்று ஆடை வடிவமைப்பு. மற்றது கடை நடத்துகிற படிப்பு. எந்தச் சரக்கை, எந்தப் பருவத்தில், யாருடைய கண்ணில் படுகிறமாதிரி வைத்தால் விலைபோகும் என்று படிப்பது. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஆறுதலாகப் படித்து வாங்குவதை இவர்கள் விடுமுறையே இல்லாமல் சேர்த்துப் படித்து, சீக்கிரமாக முடிக்க வேண்டும். பாதிக் கட்டணம் உதவியாகக் கிடைத்தது. மீதிக்கு அக்கா காதையும் கழுத்தையும் வெறுமையாக்கினாள். இந்த இரட்டைப் பட்டத்தை லயத்தில் விளக்குவது பெரும் பாடு. "ஒரு புடவைக்கி ரெண்டு முந்தானையாடி? எதத் தோள்ல போடுவா, எத இடுப்புல சொருகுவா?" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்க, தண்ணீர் பிடிக்கப் பீலியடியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

படிப்பு அவளைத் தின்றது. காலையில் வரைதலும் தையலும், பின்னேரம் கடைப் பாடம், வார இறுதியில் ஏதாவது ஒரு கடையில் பயிற்சி. தீபாவளிக்கு வந்தவள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். "ஒண்ண விட்டுட்டு ஒண்ண மட்டும் படிச்சா என்னா?" என்று கேட்டேன். "ஏலாது மாமா. இது காவடித் தண்ணி மாதிரி. ஒரு பக்கத்துக் குடம் விழுந்தா மத்ததும் நிக்காது" என்றாள். பல பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் பொதுவாம். ஒன்றில் தவறினால் இரண்டும் நின்றுவிடுமாம். எனக்கு அது படிப்பாகப் படவில்லை, கம்பியில் நடக்கிற வேலையாகத்தான் பட்டது.

கடைசி வருடத்து வேலை ஒன்றுதான், ஆனால் அதைத் தூக்கித்தான் இரண்டு பட்டமும் நின்றன. அவர்களே ஒரு வரிசை உடுப்பு வடிவமைக்க வேண்டும். ஆசிரியர்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு நூல்கூட மாற்றக் கூடாது. பிறகு அந்த உடுப்பையும், அதை எப்படிக் காட்சிக்கு வைப்பது என்று வரைந்து கொடுத்ததையும் அப்படியே உண்மையான ஒரு கடையில் வைத்து, ஒரு பருவம் முழுவதும் விற்றுக் காட்ட வேண்டும். மாற்றினால் வடிவமைப்பு விழும். விற்காவிட்டால் வணிகம் விழும். கூடப் படித்தவர்கள் கொழும்பில் பளபளக்கும் கடைகளைப் பிடித்தார்கள். இவள் எங்கள் கடையைக் கேட்டாள். பருவம், மாத்தளை அம்மன் கோயிலின் மாசித் தேர். "எங்க சனம் வாங்குற கடையில எங்க சனத்துக்கு விக்கிறேன்" என்று சொல்லித்தான் ஆசிரியர்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். எங்கள் முதலாளி தலைமுறையாக மாத்தளையில் வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்துக்காரர். "படிக்கிற புள்ள கேக்குது. நோனாவ எடுத்துக்கோங்க மகள், கண்ணாடி முழுக்க ஒங்களுக்குத்தான்" என்றார்.

தேர்க்காலத்தில் தோட்டத்துச் சனம் கடைக்கு வருகிற விதமே தனி. பெண்கள் தனியாக நுழையமாட்டார்கள். வெளியே கூட்டமாக நின்று கண்ணாடியைப் பார்ப்பார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், ஒருத்தி துணிந்து படியில் கால் வைத்தால் மற்றவர்கள் கோழிக்குஞ்சு மாதிரிப் பின்னால் வருவார்கள். ஒரே சுருளிலிருந்து புருஷனுக்குச் சட்டை, மகளுக்குப் பாவாடை, சின்னவனுக்குக் காற்சட்டை என்று வெட்டி வாங்குவார்கள். தேரன்று குடும்பமே ஒரு நிறமாக நடந்துபோகும். இன்னொரு பழக்கமும் உண்டு. தோட்டத்து மண் பாதையில் பழைய செருப்போடு இறங்கி வருவார்கள். தார் ரோடு வந்ததும் அதைக் கழற்றி ஒரு தேயிலைச் செடிக்குள் ஒளித்துவிட்டு, பையில் இருக்கும் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். திரும்பும்போது அதே செடிக்குள் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள். அக்கா மகளும் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அப்படித்தான் செய்தாள்.

அவள் வடிவமைத்தது படங்கு. கொழுந்தெடுக்கும் பெண்கள் புடவைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்கு. செடியின் குச்சியும் பனியும் உடம்பில் படாமல் காப்பது. அந்த வெட்டை வைத்து, தடித்த பருத்தியில், ஒரு பக்கமாக முடிச்சிட்ட பாவாடைகள் தைத்திருந்தாள். மழைக்குத் தலையில் போடும் கம்பளியின் கோடு கரையில் நீலமாக ஓடியது. உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. நோனாவுக்கு அதைக் கட்டி, முதுகில் சின்னக் கூடையை ஏற்றி, கூடைக் கயிற்றை நெற்றியில் போட்டாள். வழுக்குகிற நெற்றியில் கயிறு நிற்காததால் பசை வைத்து ஒட்டினாள். ஒட்டிவிட்டு ரோட்டுக்கு இறங்கி நின்று பார்த்தாள். "நம்ம அம்மாமாருக்கு ஒரு கண்ணாடி மாமா. இந்தக் கடையில இத்தன வருசமா வெள்ளைக்காரிதானே நின்னா" என்றாள். அவள் முகத்தில் அன்றிருந்த வெளிச்சம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

சனம் வந்தது. கூட்டமாக நின்றது. கண்ணாடியைப் பார்த்தது. யாரும் படியில் கால் வைக்கவில்லை. எதிர்க்கடைக்குப் போனார்கள். முதல் ஞாயிறு அப்படிப் போனது, அடுத்ததும் அப்படியே. நான் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். "எதுக்கு வரணும்? எங்கள பொம்மையாக்கி நிக்க வச்சிட்டீங்க, இன்னும் உள்ளுக்கு வேற வந்து காட்டணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, "அந்தம்மாகிட்ட கேளுங்க, இன்னைக்கி எத்தன கிலோ கொழுந்து எடுத்தாவாம்?" என்றாள். சிரிப்பு என்னவோ சிரிப்புத்தான், ஆனால் படியேறவில்லை. முதலாளி அக்கா மகளைக் கூப்பிட்டு, மிகவும் மெதுவாகச் சொன்னார். "பொம்ம நல்லா ஈக்கி புள்ள. கொற செல்லல்ல. ஆனா சனம் உள்ளுக்கு வாரல்லயே. நோனாவுக்கு ஒரு சாரியக் கட்டுவோம், ஒங்கட துணிய உள்ளுக்குத் தொங்கப் போடுவோம்." அவள் தலையசைத்து மறுத்தாள். காட்சியும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலையில் சேர்த்தி. அதை எடுத்தால் ஒரு குடம் விழும். வைத்திருந்தால் மற்றக் குடம்.

தேருக்கு முந்தின நாள் அக்கா வந்தாள். மகளுக்கு ஒரு கடையின் கண்ணாடியே கொடுத்திருக்கிறார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லி, ஐந்தாறு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாம்பழ நிறப் புடவை, நல்ல செருப்பு, தலை நிறையப் பூ. நெற்றிப் பள்ளத்தை மறைக்க முடியை முன்னால் இழுத்து வாரியிருந்தாள். உள்ளேயிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட வந்தவர்கள் பேசிக்கொண்டு வந்தது கண்ணாடி முன்னால் வந்ததும் நின்றது. அக்கா பொம்மையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு அவள்தான் முதலில் படியேறினாள். நேராகக் காட்சி மேடையில் ஏறி, நோனாவின் நெற்றிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பசை விடவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்ததும் சாயத்தோடு உரிந்து வந்தது.

"இதக் கழட்டத்தானேடி ஒன்னையப் படிக்க வச்சேன்" என்றாள்.

அக்கா மகள் அழவில்லை. "அப்ப நான் எதம்மா காட்டுறது?" என்று கேட்டாள். "கொழும்புல ஒவ்வொருத்தியும் அவஅவ வீட்டுலருந்து ஒண்ணு கொண்டாந்தா. பட்டு, பத்திக் துணி, ரேந்தைப் பின்னல். எங்கிட்ட வேற என்னா இருக்கு?"

அக்கா கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினாள்.  முதலாளி இருமிக்கொண்டு, சோடா வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது அக்கா மகள் மேடையில் முழங்காலிட்டு, நோனாவின் இடுப்பிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். அவளாகவேதான் கழற்றினாள், யாரும் சொல்லவில்லை. கழற்றினால் என்ன ஆகுமென்று அந்தக் கடையில் அவளுக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். பிறகு அம்மாவுக்குப் பிடித்த பச்சைப் புடவையை எடுத்து, கொசுவம் பிசகாமல் பொம்மைக்குக் கட்டினாள். வெளியே நின்றிருந்த பெண்கள் உள்ளே வந்தார்கள். அன்று கடையில் நல்ல வியாபாரம். அவளுடைய பாவாடையில் ஒன்றுகூடப் போகவில்லை.

கல்லூரியில் கோபிக்கவில்லையாம். அவளுடைய ஆசிரியை கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டாராம். ஆனால் சட்டம் சட்டம்தான். ஏற்றுக்கொண்ட காட்சி பருவம் முடிய நிற்கவில்லை, சரக்கும் விற்கவில்லை, ஆகவே இரண்டும் நின்றன. வேண்டுமானால் அடுத்த பிரிவோடு அந்த வருடத்தை மறுபடி படிக்கலாம், ஆனால் திரும்பப் படிப்பவர்களுக்குக் கட்டண உதவி கிடையாது. அக்காவின் காதில் அப்போது வேப்பங்குச்சிதான் இருந்தது. அக்கா மகள் கொஞ்ச நாள் லயத்தில் இருந்தாள். பிறகு ஏஜென்சி மூலமாக ஜோர்தானுக்குத் தையல் வேலைக்குப் போனாள். ஒரு நாள் முழுக்கச் சட்டையின் இடது கை மட்டும், காற்சட்டையின் பொக்கெட் மட்டும் என்று தைக்கிற வேலை. இரண்டு பட்டம் படித்தவளுக்கு ஒரு உடுப்பை முழுதாகத் தைக்கும் வேலைகூடக் கிடைக்கவில்லை. ஊர் சுற்றுவது எனக்கு உடம்போடு பிறந்தது. அவளுக்கு அது தண்டனையாக வந்தது.

விற்காத பாவாடைகள் லயத்துக்குத்தான் போயின. கட்டிலுக்கடியில் ஒரு மழைக்காலம் கிடந்தன. தோட்டத்தில் நல்ல துணி சும்மா கிடக்காது. அக்காதான் முதலில் ஒன்றை எடுத்துப் புடவைக்கு மேல் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பிறகு மற்றவர்களும் கேட்டு வாங்கினார்கள். கடை வாசலில் கேலி செய்தவளும் வாங்கினாள். நான் போயிருந்த ஒரு நாள் கீழ் ரோட்டில் நின்று பார்த்தேன். பச்சை மலையில் நீலக் கோடு போட்ட இடுப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எப்படியிருக்கிறது என்று கேட்டதற்கு அக்கா, "வெட்டு நல்ல வெட்டுத்தான் தம்பி. முடிச்சு அவுராது. ஆனா தண்ணியக் குடிக்கிது. பத்து மணிக்கெல்லாம் கனக்கும்" என்றாள். இதை நான் மகளிடம் சொல்லவில்லை. அக்கா சொன்னாளோ தெரியாது.

போன கிழமை மாத்தளைக்குப் போயிருந்தேன். நோனாவுக்குக் கல்யாணப் புடவை கட்டியிருந்தார்கள். நெற்றியில் உரிந்த இடத்தை மறைக்க ஒரு நெற்றிச்சுட்டி. வெள்ளிக்கிழமை அக்கா மகள் பேசினாள். பின்னால் யாரோ சிங்களத்தில் பேசிச் சிரித்துக்கொண்டு வெங்காயம் தாளிக்கிற சத்தம்.

"நோனா என்னா உடுத்தியிருக்கா மாமா?"

"கல்யாணப் பொண்ணு. செவப்புப் புடவ, தங்கக் கர."

"நகை?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெத்திச்சுட்டி" என்றேன்.

 வேலையை மேற்பார்வை செய்கிறவளின் குரலில் கேட்டாள். "நேரா தொங்குதா, ஒரு பக்கமா சரிஞ்சிருக்கா?"

"சரிஞ்சிருக்கு."

"அப்ப தெரியுமே."

"தெரியுது" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அம்மாவைப் பற்றிக் கேட்டாள்.